செடி முதலில், பறவை கடைசியில்? அப்படி வரிசை இல்லை
எரிமலைத் தீவு குளிர்ந்ததும் அங்கே முதலில் செடி, அப்புறம் பூச்சி, கடைசியில் பறவை வந்து குடியேறும் என்று நான் படித்த ஒரு கட்டுரை ஏணிப்படி போல அடுக்குகிறது. எனக்கு அங்கேதான் உதைக்கிறது. 1883இல் வெடித்த இந்தோனேசிய எரிமலைத் தீவான கிரகடோவாவில் அடுத்த ஆண்டு மே மாதம் இறங்கிய ஒரு பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்ட ஒரே உயிர், வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பொடிச் சிலந்தி. பச்சை என்று எதுவும் இல்லாத இடத்தில் அதற்கு என்ன அவசரமோ! சிலந்திக் குஞ்சுகள் நூலைக் காற்றில் விட்டு அதிலேயே தொங்கிக்கொண்டு கடலைத் தாண்டிவிடும். ஐஸ்லாந்துக்குத் தெற்கே 1963இல் கடலிலிருந்து எழுந்த சர்ட்சே தீவில் 1965லேயே ஒரு கடற்கரைச் செடி தலைகாட்டியது, சரி. ஆனால் சாம்பலில் சத்தும் இல்லை, தண்ணீரும் நிற்காது. இருபது வருடம் பெரிதாக எதுவும் நகரவில்லை. 1980களின் நடுவில் கடற்காகங்கள் கூட்டமாகக் கூடு கட்ட ஆரம்பித்த பிறகுதான் விறுவிறுவென்று மாறியது. எச்சம், சிந்திய மீன், செத்த குஞ்சு எல்லாமே உரம். கூடுகள் இருக்கும் பகுதியில் அடர்ந்த புல், கொஞ்சம் தள்ளிப் போனால் வெறும் கருங்கல். அதாவது செடிக்காகப் பறவை காத்திருக்கவில்லை, பறவைக்காகச் செடிதான் காத்திருந்தது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் விதையெல்லாம் காற்றில்தான் வந்திருக்கும் என்கிறார். சர்ட்சேக்குக் காற்றும் கடலும் கொஞ்சம் கொண்டுவந்தன. பெரும்பங்கு பறவைகள் வழியாக வந்தது என்றுதான் அங்கே ஆய்வு செய்பவர்கள் சொல்கிறார்கள். மனிதன் பங்குக்கு ஒரு தக்காளிச் செடி: யாரோ அவசரத்துக்கு ஒதுங்கிய இடத்தில் முளைத்திருந்தது, பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.