ஒற்றனுக்கு எதற்கு மேடையில் பதக்கம்?

இங்கே திருகோணமலையில், உப்புவெளியில் இருக்கும் ஒரு தம்பி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார். கைப்பிரதியை வாசிக்கத் தந்தார், வாசித்து முடித்தேன். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். ஸ்டீம்பங்க் வகை மிகுபுனைவு, அதாவது ஃபேன்டசி. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பெற்றோலும் மின்சாரமும் ஆட்சிக்கு வராமல், 19ஆம் நூற்றாண்டின் நீராவி வழியிலேயே விஞ்ஞானம் தொடர்ந்து வளர்ந்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்ற கற்பனை. பித்தளைப் பற்சக்கரங்கள், ஆகாயக் கப்பல்கள், இயந்திரக் கைகள். 1987இல் ஓர் அமெரிக்க எழுத்தாளர் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் பாதி விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

தம்பியின் கதை நடப்பது ஒற்றர்களைப் பயிற்றும் ஓர் அக்கடமியில். மாதாமாதம் தரவரிசை உண்டு. முதலிடத்துக்கு ஒரு பெண்ணும் ஒரு பையனும் முட்டிமோதுகிறார்கள். உள்ளேயே எதிரி நாட்டு ஆள் ஒருவன் இருக்கிறான், அவனைப் பிடிப்பவருக்கே பட்டம்.

எனக்குப் பிடித்திருந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வருவது பெரும்பாலும் குறைதான்.

பிடித்ததில் ஒன்று மட்டும். அந்தப் பெண் ஒரு செய்தியைத் தறியில் ஒளித்து அனுப்புகிறாள். ஓட்டை போட்ட அட்டைகள் கோலத்தைத் தீர்மானிக்கும் ஜக்கார்ட் தறி, 1804இல் வந்தது. அதே அட்டை யோசனையைத்தான் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பாபேஜ் பிறகு தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். இவள் அட்டையில் ஒரு ஓட்டையை மட்டும் இடம் மாற்றிவிடுகிறாள். விருந்து மண்டபத்துத் திரைச்சீலையின் கரையில் ஒரு நூல் தப்பி ஓடுகிறது. எல்லோரும் அதைத் தாண்டிப் போகிறார்கள். போட்டிக்காரப் பையன் மட்டும் நின்று, பெருவிரலால் கரையைத் தடவித் தடவி வாசிக்கிறான். அந்த இரண்டு பக்கத்துக்காகவே நாவலை வாங்கலாம். துப்பாக்கி இல்லை, வெடி இல்லை, ஒரு விரல்தான்.

அடுத்த அத்தியாயத்திலேயே மணி அடிக்கிறது. எல்லா மாணவர்களையும் முற்றத்தில் கூட்டி, அதிபர் மேடையில் ஏறி, இந்த மாதத்தின் சிறந்த ஒற்றர் யார் என்று பெயர் சொல்லிப் பதக்கம் குத்துகிறார். சமையல்காரர் கைதட்டுகிறார். வாசல் காவலாளியும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே எதிரி ஒருவன் இருக்கிறான் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு!

இது தம்பியின் குறை மட்டுமில்லை. நான் வாசித்த இந்த வகை அக்கடமிக் கதைகள் பலவற்றிலும் இதே வியாதி. பள்ளிக் கதைக்குத் தேவையான தரவரிசையையும் உளவுக் கதைக்குத் தேவையான இரகசியத்தையும் ஒரே சட்டியில் போடுகிறார்கள். ஒன்று மற்றதைக் கெடுத்துவிடுகிறது.

தரவரிசை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், நாங்கள் எல்லோரும் அதில்தான் வளர்ந்தோம். உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த கிழமை திருகோணமலை நகரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ரியூட்டரி வாசலெல்லாம் பதாகை. படம், பெயர், பாடசாலை, இசட் புள்ளி, மாவட்ட நிலை. டொக்டராகப் போகிற பிள்ளைக்கு அது சரி. உளவாளியாகப் போகிற பிள்ளைக்கு?

திருக்குறளில் ஒற்றாடல் என்று ஒரு முழு அதிகாரம் இருக்கிறது. அதன் கடைசிக் குறள் தம்பியின் அதிபருக்கென்றே எழுதியது போல இருக்கும்: ஒற்றனுக்குச் செய்கிற சிறப்பை ஊரறியச் செய்யாதே, செய்தால் மறைக்கவேண்டியதை நீயே வெளியே போட்டவன் ஆவாய். அதற்கு முந்தியது இன்னும் சுவாரசியம். ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆளவேண்டும், மூன்று பேர் சொல்வது ஒத்துப்போனால்தான் நம்பவேண்டும் என்கிறது. இங்கேதான் நாவலாசிரியனுக்குத் தேவையான போட்டி இருக்கிறது என்பது என் கட்சி. யாரோடு போட்டி போடுகிறோம் என்றே தெரியாத போட்டி. நீ கொண்டுவந்த தகவலை எங்கோ இருக்கும் இன்னொருவரின் தகவலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒத்துவராவிட்டால் யாரோ ஒருவர் பொய்யர். அது பக்கத்துக் கட்டிலில் படுப்பவளாகவும் இருக்கலாம். மேடையும் பதக்கமும் இதற்குக் கிட்டவும் வரமுடியாது.

நீராவிக் காலத்தில் உண்மையாகவே உளவுப் பள்ளிகள் இருந்தன, அதுவும் எங்கள் பக்கத்திலேயே. டேராடூனில் பிரிட்டிஷ் நில அளவைக்காரர்கள் நயின் சிங் என்ற மலைநாட்டுப் பள்ளி ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்துத் திபெத்துக்கு அனுப்பினார்கள். ஏறினாலும் இறங்கினாலும் ஒரே அளவு அடி வைக்கப் பழக்கினார்கள். செபமாலையில் 108 மணிக்குப் பதில் 100. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினால் தூரம் கணக்காகிவிடும். செபச் சக்கரத்துக்குள் மந்திரத்துக்குப் பதில் குறிப்புச் சீட்டுகள். 1866இல் லாசாவை அடைந்தார். லண்டன் புவியியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது 1877இல், பயணங்களெல்லாம் முடிந்த பிறகு. குறள்காரருக்கு அதில் ஆட்சேபணை இருந்திருக்காது.

டார்ஜிலிங்கில் 1874இல் தொடங்கிய விடுதிப் பள்ளி இன்னும் பொருத்தமான உதாரணம். அதன் தலைமை ஆசிரியர் சரத் சந்திர தாஸ் தானே உளவு பார்க்க இரண்டு தடவை திபெத்துக்குப் போய் வந்தார். வந்தவர் பெயரும் புகழும் பெற்றார். அங்கே அவருக்கு இடம் கொடுத்து உதவிய லாமாவை, அதாவது பௌத்த துறவியை, விஷயம் தெரிந்ததும் திபெத் அரசு ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. தம்பியின் நாவலில் இப்படி ஒரு லாமா இல்லை. முதலிடத்துக்காக இரண்டு பேர் செய்யும் வேலைக்குப் பட்டியலில் இல்லாத மூன்றாவது ஆள் ஒருவர்கூட விலை கொடுப்பதில்லை. எனக்குப் பெரிய குறை அதுதான்.

இன்னொன்று, சரியான விடைக்குப் புள்ளி. இந்த அக்கடமியில் விடை சரியென்றால் வெற்றி, பிழையென்றால் தோல்வி. எங்கள் ஊர் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இரண்டாம் உலகப்போரில், 1942இல் சிங்கப்பூரிலிருந்து தப்பிவந்த பிரிட்டிஷ் குறியீட்டு உடைப்பாளர்கள், எதிரியின் இரகசியச் செய்திகளை உடைத்து வாசிப்பவர்கள், கொழும்பில் உட்கார்ந்து வேலை செய்தது எங்கே தெரியுமா? ஒரு பாடசாலையில். பெம்புரோக் கல்லூரிக் கட்டடம். ஜப்பான்காரர் வருகிறார்கள் என்று சரியாகச் சொன்னார்கள். ஏப்ரல் 1ஆம் திகதியளவில் என்று எதிர்பார்த்தார்கள். பிரிட்டிஷ் கப்பல்கள் கடலில் காத்திருந்தன, எவரும் வரவில்லை. எண்ணெயும் தண்ணீரும் நிரப்ப மாலைதீவுப் பக்கம் போனபோது, 5ஆம் திகதி கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் திகதி திருகோணமலை. முதல்நாள் எச்சரிக்கை கிடைத்து இங்கிருந்து வெளியேறிய ஹேர்ம்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், ஆபத்து விலகிவிட்டதென்று திரும்பி வரும்போது மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அதில் அன்று ஒரு விமானமும் இருக்கவில்லை. இப்போது சொல்லுங்கள், உளவு சொன்னவருக்கு நூற்றுக்கு எத்தனை போடுவது? இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு பாகம் எழுதலாம்.

அப்புறம் கரி. தம்பியின் நகரத்தில் ஆகாயக் கப்பலிலிருந்து தேநீர்க் கேத்தல் வரை நீராவியில் ஓடுகிறது. முந்நூறு பக்கத்திலும் ஒரு கரி மூட்டை இல்லை. கேட்டேன்.

"அக்கா, இது ஃபேன்டசிதானே. கரி எங்கிருந்து வந்தா என்ன?"

மந்திரத்தில் ஓடுகிறது என்றால் நான் வாய் திறக்கமாட்டேன். பொய்லர் என்று எழுதினால் அதற்குத் தீனி போட ஆள் வேண்டும். நீராவிக் கப்பல்களை வைத்து உலகத்தை ஆண்டவர்களுக்கு வழிநெடுகக் கரி நிரப்பும் துறைமுகங்கள் தேவைப்பட்டன, எங்கள் துறைமுகமும் அதில் ஒன்று. பிறகு கடற்படை எண்ணெய்க்கு மாறியதால்தான் இங்கே சீனக்குடாவில் அந்த 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. எரிபொருள் எங்கே இருக்கிறதோ அங்கேதான் உளவாளியும் வருவான். அவன் அக்கடமியின் நடன மண்டபத்தில் நிற்பதைவிட, கரி மூட்டைகளை எண்ணிக்கொண்டு துறைமுகத்தில் நிற்பதற்குத்தான் காரணம் அதிகம். மூட்டை எண்ணிக்கை தெரிந்தால் எந்தக் கப்பல் எவ்வளவு தூரம் போகப்போகிறது என்று தெரிந்துவிடும்.

இவ்வளவையும் தம்பியிடம் நேரிலும் சொன்னேன். மேடையையும் பதக்கத்தையும் எடுத்துவிடுகிறாராம். கரிக்காரப் பெண் ஒருத்தியை மூன்றாவது அத்தியாயத்திலிருந்தே கொண்டுவரப் போகிறாராம், அவளுக்கு என்ன ஆகும் என்று என்னிடம்கூடச் சொல்லமாட்டாராம், நல்லது. நடன விருந்தை மட்டும் வெட்டமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். சரி, இருக்கட்டும். தறிச் செய்தி தொங்கும் திரைச்சீலைக்கு ஒரு மண்டபம் வேண்டும்தானே.