அம்மாவைச் சுடலைக்குக் கொண்டுபோன பிள்ளை எழுதுகிறேன்

போன கிழமை வந்த அந்தப் பதிவைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், விழுந்த லைக் போதும். நானும் பேசாமல்தான் இருந்தேன். "விடு, செத்தவீட்டுக் கதை முப்பத்தோராம் நாளோட முடிஞ்சிடும்" என்றார் அக்கா. முடியவில்லை. நேற்றுச் சந்தையில் விளைமீனுக்குச் செதிள் எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, கத்தியை நிறுத்தாமலே, "நீங்கள்தானே பிள்ளை தாயை எரிச்ச ஆக்கள்?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை, ஊர் விசாரிக்கிற மாதிரித்தான் கேட்டார். வீட்டுக்கு வந்து மீனைக்கூடக் கழுவாமல் இதை எழுத உட்கார்ந்தேன்.

எரிக்கச் சொன்னது அம்மா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகும் சொல்வேன்.

அந்தப் பதிவில் இருந்தது இரண்டே வரி. "வேதக்காரராய்ப் பிறந்து தாயைச் சுடலைக்குக் கொண்டுபோன பிள்ளைகள். கல்லறைக் காசு மிச்சம்." கீழே, கோம்பயன்மணல் தகன மேடை வாசலில் அம்மாவின் பெட்டி இருக்கிற படம்.

முதல் வரிக்குப் பதில் சொல்வது சுலபம். சபைச் சட்டம் என்று வந்தால் எங்கள் ஊரில் எல்லோரும் திடீர்ப் பண்டிதர்கள். கத்தோலிக்கத் திருச்சபை எரிப்பதை 1886 இல் தடை செய்தது, உண்மை. 1963 இல் அந்தத் தடையை எடுத்துவிட்டது, அதுவும் உண்மை. அறுபது வருசம் தாண்டிவிட்டது, செய்தி இன்னும் சில வீடுகளுக்கு வந்து சேரவில்லைப் போலும். 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் புதைப்பதைத்தான் விரும்புகிறது, ஆனால் விசுவாசத்தை மறுப்பதற்காகச் செய்தால் ஒழிய எரிப்பதைத் தடுக்கவில்லை. செபமாலை சொல்லாமல் ஒரு இரவும் படுக்காத மனுசி எதை மறுத்தார்? பங்குச் சுவாமியிடம் கேட்டோம். "பூசையை வைப்பம், பிறகு கொண்டுபோங்கோ" என்றார். சுவாமிக்கே வராத கவலை பேஸ்புக்கில் இருக்கிறவர்களுக்கு வருகிறது.

"கடைசி நாளில் உடம்போட எழும்ப வேண்டாமோ?" என்று ஒருவர் கீழே கேட்டிருந்தார். நாங்கள் யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊரான மயிலிட்டி ஆட்கள் ஐயா. கடலுக்குப் போய்த் திரும்பாத ஆட்கள் எங்களிடம் எத்தனை பேர். ஷெல் விழுந்த வீடுகளில் பொறுக்கிச் சாக்கில் கட்டிய உடம்புகளை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அவர்களையெல்லாம் எழுப்பத் தெரிந்த ஆண்டவருக்கு ஒரு சட்டி சாம்பலா பாரம்?

சரி, அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு வருகிறேன்.

அப்பா 1987 தை மாதம் செத்தார். மயிலிட்டிச் சவக்காலையில் வைத்தோம். மேலே ஒரு சீமெந்துச் சிலுவை. நவம்பர் 2, இறந்தோர் திருநாளுக்கு முதல் நாள் அம்மா அதற்குச் சுண்ணாம்பு அடிப்பார். கடற்காற்றில் மெழுகுதிரி நிற்காது. அடி வெட்டின கண்ணாடிச் சோடாப் போத்தலைத் திரிக்கு மேல் வைத்து, சுற்றிவர மண்ணை அணைப்பார். அப்படி மூன்று வருசம் செய்தார். 1990 ஜூனில் எழும்பி ஓடினோம். பிறகு அது இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம், ஒருவரும் போக முடியாது. மல்லாகத்தில் இருந்தோம், 1995 இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போனோம், திரும்பி வந்து முகாமில் இருந்தோம். எந்த ஊரில் இருந்தாலும் அந்த நாளில் அந்த ஊர்ச் சவக்காலைக்குப் போய் நடுச் சிலுவைக்குக் கீழே மெழுகுதிரி கொளுத்துவார். சொந்தக் கல்லறை உள்ளவர்கள் பூவோடு அங்கங்கே பிரிந்து போவார்கள். எங்களைப் போல ஊர் விட்ட ஆட்கள் மட்டும், ரெயில் நின்றுபோன ஸ்ரேசனில் நிற்கிற மாதிரி நடுவில் ஒரு கூட்டமாய் நிற்போம்.

2017 ஜூலையில் இராணுவம் மயிலிட்டித் துறைமுகத்தை விட்டது. 27 வருசம். எங்கள் பக்கமும் போகலாம் என்று வந்தபோது அம்மாவைக் கூட்டிப் போனோம். நாயுருவியும் எருக்கலையும் ஆளுயரம். மதில் இல்லை. அம்மாவிடம் ஒரு கணக்கு இருந்தது. "கிணத்தடி மூலையிலயிருந்து பதினொரு எட்டு, பிறகு கடல் பக்கமா நாலு." மூலை எது என்று தெரிந்தால்தானே எட்டு வைக்க. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். வெறுங்காலால் நடந்தால் சீமெந்து தட்டுப்படும் என்றார். தட்டுப்பட்டது, நிறையத் தட்டுப்பட்டது. எல்லாம் உடைந்த துண்டுகள், எது யாருடைய சிலுவை என்று யாருக்குத் தெரியும்? ஒன்றரை மணி நேரம் கழித்து ஓட்டோவில் ஏறிக் காலில் ஏறின முள்ளைப் பிடுங்கிக்கொண்டு சொன்னார்:

"என்னை எரியுங்கோ பிள்ளை. என்ரை எலும்பைத் தேடி ஒருத்தரும் வெறுங்காலோட நடக்கக்கூடாது."

அதற்குப் பிறகும் இரண்டு தரம் சொன்னார். கடைசியில் லைற் பில் கணக்கு வைக்கிற கொப்பியின் பின்பக்கத்தில் எழுதியும் வைத்தார், காஸ் சிலிண்டர் மாற்றின திகதிக்குக் கீழே. வேண்டுமென்றால் படம் எடுத்துப் போடுகிறேன். இல்லை, போடமாட்டேன். அது உங்களுக்கு எழுதினதில்லை.

எரிக்கச் சொன்னது அம்மா.

"நிலத்தில வைச்சால்தான் நிரந்தரம்" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். கோப்பாய் வழியால் போய்ப் பாருங்கோ. போரில் செத்த புலிகளைப் புதைத்த துயிலுமில்லத்தில் சைவத் தாய்மாரின் பிள்ளைகளையும் மண்ணில்தான் வைத்தார்கள். எரிக்கிற வழக்கமுள்ள வீடுகள்தான் அவை. அப்போது வழக்கத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு அதை இடித்துத் தள்ளி, 2011 இல் அதன்மேல் இராணுவத்தின் 51 ஆவது படைப்பிரிவின் தலைமையகத்தைத் திறந்தார்கள். நிரந்தரத்தைப் பற்றி என்னோடு கதைக்காதேங்கோ.

இன்னொரு புத்திசாலி, "2020 இல் கொரோனாவில செத்த முஸ்லிம் ஆக்களை அரசாங்கம் எரிச்சபோது எதிர்த்து எழுதினனீங்கள், இப்ப என்ன?" என்கிறார். இரண்டும் ஒன்றா? இருபது நாள் குழந்தையைத் தாய் தகப்பன் கையெழுத்து வைக்காமல் எரித்தார்கள். 2021 பெப்ரவரியில்தான் அந்தக் கட்டளையை மாற்றினார்கள், அதற்குப் பிறகும் எங்கெங்கோ செத்தவர்களைப் புதைக்கக் கிழக்கில் இருக்கிற ஓட்டமாவடிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. கேட்டு என்ன? அந்தத் தாய்க்குப் போய் நிற்க ஒரு பிடி மண் இருக்கிறதா? செத்தவருடைய சொல்லையும் பெற்றவருடைய சொல்லையும் மிதிக்காதே என்றுதான் அன்றைக்கு எழுதினேன். இன்றைக்கும் அதைத்தான் எழுதுகிறேன்.

ஒரு சிநேகிதி மட்டும் தனியே மெசேஜ் போட்டாள். செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில், 2025 பெப்ரவரியில் தகன மேடைக்கு அத்திவாரம் வெட்டப் போய்த்தானே எலும்பு வந்தது, அந்த மனிதப் புதைகுழியில் மண்ணுக்குள் கிடந்தபடியால்தானே இருநூறுக்கு மேல் எலும்புக்கூடுகள் சாட்சியாய் எழும்பின, எரித்திருந்தால் என்ன மிஞ்சும் என்று கேட்டாள். அம்மாவைக் குறை சொல்லிக் கேட்கவில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்ததற்குப் போகிறேன்.

கல்லறைக் காசு.

இதை எழுதக் கை கூசுகிறது. முகாமில் விடிய மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து விற்று எங்கள் மூன்று பேரையும் படிப்பித்த மனுசிக்கு நாங்கள் காசு மிச்சம் பிடித்தோமாம். என்ன செலவழித்தோம் என்று இங்கே பட்டியல் போடப்போவதில்லை, அது அம்மாவுக்கு மரியாதையில்லை. ஆனால் பதிவு போட்ட உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அம்மா நாலு மாதம் படுக்கையில் கிடந்தபோது நீங்கள் எத்தனை தரம் வந்தீர்கள்? ஓட்டோவில் இருபது நிமிசம். அம்மா உங்களை இரண்டு தரம் கேட்டார். செத்தவீட்டுக்கு வந்தீர்கள், சோடா குடித்தீர்கள், தகன மேடை வாசலில் நின்று ரெலிபோனை உயர்த்திப் படம் எடுத்தீர்கள். நான் பார்த்தேன். ஞாபகத்துக்கு எடுக்கிறார் என்று நினைத்தேன்.

அப்புறம், அம்மா சொன்னதையெல்லாம் செய்தோம் என்று நான் நெஞ்சைத் தட்டவில்லை. சாம்பலைக் கடலில் விடச் சொன்னார். விடவில்லை. தூவக்கூடாது, பிரிக்கக்கூடாது, வீட்டில் வைத்திருக்கக்கூடாது, புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று வத்திக்கான் 2016 இல் சொல்லியிருக்கிறது. கனடாவிலிருந்து வந்த அண்ணா ஒரு சின்னச் செப்பில் கொஞ்சம் கேட்டார். 2023 கடைசியில் அதைக் கொஞ்சம் தளர்த்தி, சிறு பங்கைச் செத்தவருக்கு முக்கியமான ஓர் இடத்தில் வைக்கலாம் என்றார்கள்தான், ஆனால் ரொறொன்ரோவில் அவருடைய அப்பார்ட்மென்ற் அந்தக் கணக்கில் வருமா என்று கேட்டால் சுவாமி சிரித்தார். அண்ணா அழுதார். சட்டியை மயிலிட்டிக்குக் கொண்டுபோய், மந்திரித்து, மண்ணில் வைத்தோம்.

"அப்ப பிறகு ஏன் எரிச்சனீங்கள்?" என்று கேட்பீர்கள். கேளுங்கோ. குழி வெட்டும்போது அண்ணாவும் அதைத்தான் கேட்டார். எங்களுக்குப் போய் நிற்க ஒரு இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அப்பாவுக்குப் பக்கமா என்றும் தெரியாது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு எங்கேயோ இருந்து பதினொரு எட்டு வைத்தார், பிறகு கடல் பக்கமாய் நாலு. அந்த இடத்தில் வைத்தோம்.

பதிவை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை மாமா. அது உங்கள் சுவர், இருக்கட்டும். அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கோ. பெட்டிக்கு மேல் போட்ட வெள்ளைத் துணி ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. அம்மா இருந்திருந்தால் ஆட்கள் வரமுதல் இழுத்து விட்டிருப்பார்.