மெயின் சுவிச்சை நிறுத்தியவருக்கும், அதற்குக் கைதட்டியவர்களுக்கும்

சனிக்கிழமை மண்டபத்தில் எங்கள் பெடியள் ரொக் வாசித்துக்கொண்டிருக்க, ஐயா ஒருவர் போய்ப் பாதியில் மெயின் சுவிச்சை நிறுத்தினார். அதைப் பற்றி எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் அதன் வீடியோவின் கீழே "நல்ல வேலை செய்தார் ஐயா" என்று எனக்குப் படிப்பித்தவர்கள்கூட எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

மண்டபத்துக்குக் காசு கட்டியாயிற்று. ஒன்பது மணி வரை என்று பேச்சு. பெடியள் வாசித்தது பிடிக்கவில்லையா, எழும்பிப் போங்கள். கதவு திறந்துதான் இருந்தது. கரண்டை நிறுத்த உங்களுக்கு உரிமை இல்லை.

"ராகம் தெரியுமா, தாளம் தெரியுமா, இதெல்லாம் இசையா?" என்று கேட்கிறீர்கள். சரி. தி ஜீசஸ் லிசார்ட் என்று அமெரிக்காவில் ஒரு நொய்ஸ் ரொக் குழு, அதாவது இரைச்சலையே இசையாக்குகிற ரொக். (பெயரைப் பார்த்துக் கோபிக்காதீர்கள், தண்ணீருக்கு மேல் ஓடும் ஒரு வகை ஓணானை அங்கே அப்படிச் சொல்வார்கள்.) 1987இல் டெக்சாஸில் தொடங்கி சிகாகோவுக்குப் போனவர்கள். ஆரம்பத்தில் ட்ரம் வாசிக்க ஆளில்லாமல் மெஷினை வைத்து ஒப்பேற்றினார்கள். பாடுகிற டேவிட் யோ கத்துவார், உளறுவார், சனத்துக்குள் பாய்ந்து விழுவார். எங்கள் ஐயாமார் கண்டிருந்தால் பொலிசையே கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் பின்னால் கிட்டார் வாசிக்கிற டுவேன் டெனிசன் முறைப்படி கிளாசிக்கல் கிட்டார் பயின்றவர். பேஸ் கிட்டாரும் ட்ரம்மும் இம்மி பிசகாது. முன்னால் ஒருவர் விசராட்டம் ஆட, பின்னால் மூன்று பேர் கணக்குத் தப்பாமல் வாசிக்கிற அந்த இழுபறியில்தான் எல்லாம் இருக்கிறது. சனிக்கிழமை எங்கள் பெடியள் பிடிக்கப் பார்த்ததும் அதைத்தான். முழுதாகப் பிடித்தார்களா? இல்லை. பாதியில் கரண்ட் போனால் எப்படிப் பிடிப்பது?

"இதனால் அவர்கள் என்ன கண்டார்கள்?" என்று ஓர் அண்ணர் கேட்டிருக்கிறார். கனக்க ஒன்றும் காணவில்லை அண்ணை. 1993இல், உலகப் புகழ்பெற்ற ரொக் குழுவான நிர்வானாவோடு ஒரே இசைத்தட்டைப் பங்கு போட்டார்கள். பிறகு பெரிய இசைத்தட்டுக் கம்பனி ஒன்று கூப்பிட்டது, போனார்கள். 1999இல் குழு கலைந்தது. பத்து வருடம் கழித்து மேடைக்குத் திரும்பி, 2024இல், அறுபதைத் தாண்டிய வயதில், புது அல்பம் போட்டார்கள். அவர்களின் முதல் அல்பங்களைப் பதிவு செய்த ஸ்டீவ் அல்பினி, நிர்வானாவின் அல்பத்துக்கே ரோயல்டி (விற்பனையில் பங்கு) வேண்டாம், செய்த வேலைக்குக் கூலி போதும் என்றவர். எல்லாவற்றையும் காசால் அளக்கிற ஊருக்கு இது விளங்காது.

சத்தமாம், காது கிழிகிறதாம். யாழ்ப்பாணத்துத் தவில்மேதை தட்சிணாமூர்த்தியின் ஊர்க்காரர் பேசுகிற பேச்சா இது? எங்கள் ஒழுங்கையில் விடிய நாலு மணிக்கே லவுட்ஸ்பீக்கர் அலறும். அந்த வயரைப் பிடுங்க எவராவது போனீர்களா? (நான் கோயிலுக்கு எதிரி இல்லை, உடனே தொடங்கிவிடாதீர்கள்.) படிக்கிற பிள்ளைகளுக்கு இடைஞ்சலாம். பரீட்சை முடிந்து கன நாள்.

1990க்குப் பிறகு யாழ் குடாநாட்டில் போரால் கரண்ட் இல்லாத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மச்சான் பெடலைச் சுற்றுவான், டைனமோவில் கசெட் ஓடும். அவனுக்குக் கை களைத்தால் பாட்டும் இழுபட்டு, பாடகர் பேய்க்குரலில் முனகுவார். பிறகு பிறகு நாங்கள் வேண்டுமென்றே மெல்லச் சுற்றினோம், அந்தக் கோணல் குரலைக் கேட்பதற்காகவே. பெரியம்மா ஏசுவா, ஆனால் ஒருநாளும் வந்து நிறுத்தவில்லை. அன்றைக்கு ஊருக்கே கரண்டை நிறுத்தியவர்கள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். சனிக்கிழமை நிறுத்தியவர் எங்கள் ஆள்.

வாளோடு திரிகிறவனைக் கண்டால் ஒதுங்கிப் போவீர்கள். தூள் விற்கிறவனை எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. கிட்டாரோடு நிற்கிற பெடியனிடம் மட்டும் உங்கள் வீரம். பிறகு இளம் ஆட்கள் எல்லாம் கனடா போகிறார்கள் என்று நீங்களே அழுது பதிவு போடுவீர்கள், நான் லைக் போட வேண்டும்.

ட்ரம் செட் வாடகைக்கு எடுத்தது. அதற்கும் சேர்த்து, மண்டபக் காசை இந்தக் கிழமைக்குள் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.