அந்த உதை எளிதானது இல்லை

அமெரிக்கக் கல்லூரி கால்பந்தின் 2022 பீச் பவுல் (Peach Bowl) ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் ஓஹையோ ஸ்டேட் 42-41 என்று தோற்றதற்கு, "எளிதான கடைசி உதையை நோவா ரகில்ஸ் கோட்டை விட்டதுதான் காரணம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார்; ஓஹையோ பலவீனமான அணி என்றும் சொல்கிறார். அது 50 யார்டு ஃபீல்டு கோல், அதாவது பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கும் முயற்சி. கல்லூரி ஆட்டத்தில் அந்தத் தூரத்தை யாரும் எளிது என்று சொல்ல மாட்டார்கள். கொஞ்ச நேரம் முன்னால் 48 யார்டில் இருந்து உதைத்து 41-35 ஆக்கியவரும் இதே ரகில்ஸ்தான்.

உண்மையில் ஆட்டம் கைநழுவியது நான்காவது கால்பகுதியில். அது தொடங்கும்போது ஓஹையோ 38-24 என முன்னிலையில் இருந்தது. அதன் பிறகு ஜார்ஜியா 18 புள்ளிகள் எடுத்தது, ஓஹையோ 3 மட்டுமே. ஓஹையோவின் பந்து பிடிப்பவர் மார்வின் ஹாரிசன் ஜூனியர் தலையில் அடிபட்டு மூன்றாம் கால்பகுதியின் கடைசியில் வெளியேறினார். அதற்கு நடுவர்கள் கொடுத்த டார்கெட்டிங் (தலையைக் குறிவைத்து மோதுவது) தண்டனை மறுபரிசீலனையில் ரத்தானது (அந்தப் பஞ்சாயத்து இன்றுவரை ஓயவில்லை). அப்புறம், ஓஹையோ பன்ட் (பந்தை எதிரணியிடம் தொலைவாக உதைத்துக் கொடுப்பது) உதைப்பதுபோல் போக்குக் காட்டி ஓடியது. பலித்தும்விட்டது. ஆனால் பந்து நகர்வதற்கு ஒரு நொடி முன்பே ஜார்ஜியா பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட் டைம் அவுட் கேட்டிருந்தார், அதனால் அது செல்லவில்லை! ஜார்ஜியாவின் ஏரியன் ஸ்மித் பந்தைப் பிடித்து எல்லைக்கோடு வரை கொண்டுபோன 76 யார்டு டச்டவுனில், அவரைத் தடுக்க வேண்டிய ஓஹையோ ஆள் வழுக்கி விழுந்தார்.

"ஓஹையோ பலவீனமான அணி" என்று அவர் சொல்வதும் சரியில்லை. இதே ஜார்ஜியா அடுத்த ஆட்டத்தில் டிசியு (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) அணியை 65-7 என்று நொறுக்கியது. அப்படிப்பட்ட ஜார்ஜியாவிடம் ஒரே புள்ளி வித்தியாசத்தில்தான் ஓஹையோ தோற்றது.