லடாக் பயணத் திட்டம்: ஒரு திருத்தம்

உடற்பயிற்சிப் பழக்கம் உள்ளவர்கள் லே நகரில் விமானத்திலிருந்து இறங்கிய மறுநாளே பாங்கோங் ஏரிக்கரையில் தங்கலாம் என்றும், உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலை நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை அதன் அறிகுறிகளை மூடிமறைக்க மட்டுமே உதவும் என்றும் ஒரு பயணத் திட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. இரண்டுமே தவறு.

லே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலும் பாங்கோங் 4,200 மீட்டருக்கு மேலும் உள்ளன. 3,000 மீட்டரைத் தாண்டியபின் உறங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பதே மலை மருத்துவத்தின் பொது நெறி. உடல்வலிமை இதற்குக் காப்பாகாது. வலுவுள்ளவர்கள் வேகம் காட்டியே மாட்டிக்கொள்வதும் உண்டு. மேலும், பாங்கோங்கில் மலை நோய் முற்றினால், லேக்குத் திரும்பும் வழக்கமான பாதை 5,000 மீட்டருக்கும் உயரமான சாங் லா கணவாயில் ஏறித்தான் இறங்குகிறது என்பதைத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஆகவே லேயில் இரண்டு மூன்று இரவுகள் ஓய்வாகக் கழித்து, அதைவிடத் தாழ்வான நூப்ரா பள்ளத்தாக்கை முதலிலும் பாங்கோங்கை இறுதியிலும் வைத்துக்கொள்வதே நல்லது.

டயமாக்ஸ், அதாவது அசெட்டசோலமைடு, சிறுநீரகத்தின் வழியே பைகார்பனேட் என்ற காரப்பொருளை வெளியேற்றி மூச்சைத் தூண்டுவதால், உடல் உயரத்துக்குப் பழகுவதை உண்மையிலேயே விரைவுபடுத்துகிறது. சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லியாக வேண்டும். மாத்திரை போட்டிருந்தாலும், நடை தள்ளாடினாலோ ஓய்விலும் மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திராமல் கீழே இறங்க வேண்டும்.