கங்காரு நாயைத் தண்ணிக்கு வரவழைக்குதா?

"கங்காரு திட்டம் போட்டு நாயைத் தண்ணிக்கு இழுத்துட்டுப் போய் கொல்லும், சைக்கோ விலங்கு"ன்னு நண்பர் ஒருத்தர் எழுதியிருக்கார். பாதி உண்மை, மீதி மசாலா.

நாய் மூழ்கிச் சாகிறது நடக்கிறதுதான், மறுக்கலை. ஆனா துரத்துறது யாருன்னு பாருங்க. கங்காரு புல் தின்னி. டிங்கோங்கிற ஆஸ்திரேலியக் காட்டு நாயோ வளர்ப்பு நாயோ விரட்டும்போது, ஓடித் தப்ப முடியலைன்னா பக்கத்துல இருக்கிற குளத்திலயோ ஆத்திலயோ இறங்கி, மார்பளவு தண்ணியில திரும்பி நிக்கும். அங்க கணக்கே மாறிடுது. பெரிய சிவப்புக் கங்காரு ஆண் 80 கிலோவுக்கு மேல வரும். கால் தரையில ஊன்றி நிக்கும். நாய் நீந்திக்கிட்டே கடிக்கணும். கிட்ட வந்தா கங்காரு முன்னங்கையால பிடிச்சு அமுக்கிடும். அவ்வளவுதான் "திட்டம்". நாய் கரையிலயே நின்னுட்டா கங்காரு தேடி வந்து இழுக்கப் போறதில்லை.

இன்னொண்ணு, கங்காருவுக்கு நீந்தத் தெரியாதுன்னும் ஒருத்தர் சொல்லியிருக்கார். நல்லாவே நீந்தும். தரையில ரெண்டு பின்னங்காலையும் சேர்த்தே குதிக்கிற விலங்கு, நீந்தும்போது மட்டும் அதுகளை மாத்தி மாத்தி அடிக்கும். எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்!

2023ல ஆஸ்திரேலியாவின் மில்டூரா பக்கம் மர்ரே ஆத்துல எடுத்த வீடியோ ஞாபகம் இருக்கா? கங்காரு பிடியில இருந்த நாயை உரிமையாளர் இறங்கி மீட்டார். நாய் பிழைச்சுது. ஆனா எல்லாரும் அப்படி இறங்கிடாதீங்க, கங்காருவோட பின்னங்கால் நகம் வயித்தைக் கிழிச்சிடும்.