உச்சந்தலையை ஊன்றியவனுக்கு ஒன்பது, பாவாடையைப் பிடித்தவளுக்கு மூணு

நேற்றிலிருந்து அந்த வீடியோவை எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். வேகத்தைக் குறைத்துப் பல தடவை பார்த்துவிட்டேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து குட்டிக்கரணம் அடிக்கிறார்கள். சார் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பத்துக்கு இத்தனை என்று எழுதுகிறார். அந்தப் பெண் பிள்ளை பக்கவாட்டில் சாய்ந்து விழுகிறாள், வகுப்பே சிரிக்கிறது, மூணு மார்க். கீழே கருத்துப் போட்ட பலரும் "சரியாத்தானே போட்டிருக்கார், அவ உருளவே இல்லையே" என்கிறார்கள்.

உருண்டாளா இல்லையா என்பது கேள்வியே இல்லை. எந்த இடத்தில் தடைப்பட்டாள், ஏன் தடைப்பட்டாள் என்பதுதான் கேள்வி. அதைச் சொல்லாத மார்க், மதிப்பீடே இல்லை.

அவளுடைய இடது கையைப் பாருங்கள். பினஃபோரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தரையில் ஊன்றியது வலது கை மட்டும்தான். முன்னால் உருளும்போது இரண்டு உள்ளங்கையும் தோள் அகலத்தில், விரல்கள் முன்னோக்கி, ஒரே நேரத்தில் ஊன்றி ஒரே அளவு தள்ள வேண்டும். ஒரு கை இல்லாவிட்டால் அந்தப் பக்கத் தோள் தாழும், உடம்பும் அந்தப் பக்கமே போகும். இடது பக்கம் சாய்ந்து, ஜமுக்காளத்தைத் தாண்டி, இடுப்பு சிமென்ட் தரையில் மோதியது. அவளுக்கு வராது என்பதற்கு அந்த வீடியோவில் ஒரு சான்றுகூட இல்லை. பாவாடை விலகிவிடுமோ என்று அவள் பயந்ததற்கு மட்டும்தான் சான்று இருக்கிறது.

அவளுக்கு முன்னால் போன பையனுக்கு ஒன்பது. அவன் உச்சந்தலையைத் தரையில் ஊன்றி, முழு எடையையும் கழுத்தில் ஏற்றி உருண்டான். குட்டிக்கரணத்தில் அதைவிட மோசமான பிழை கிடையாது. உடனே நிறுத்திக் கற்றுக்கொடுக்க வேண்டிய பிள்ளை அவன். மறுபக்கம் போய் எழுந்து நின்றுவிட்டான், அதனால் ஒன்பது. இனி அவன் தினமும் அப்படித்தான் உருளுவான். முடித்தானா என்று மட்டும் பார்த்தால் இதுதான் நடக்கும்.

என்ன பார்க்க வேண்டும்? குந்திய நிலையில் தொடக்கம். இரண்டு கையும் சமமாக ஊன்றியதா? இடுப்பு தலைக்கு மேலே உயர்ந்ததா? தாடை நெஞ்சோடு ஒட்டியிருந்ததா? தலை அல்லாமல் கையும் தோள்பட்டையின் பின்புறமும் தரையை முதலில் தாங்கினவா? முதுகு வளைந்தே இருந்ததா? கை ஊன்றாமல் எழுந்ததா? இந்த ஆறுக்கும் ஆம், இல்லை, அவ்வளவுதான். ஒரு முயற்சியில் ஆறையும் பார்க்க முடியாது. முதல் முயற்சியில் கையும் தலையும், அடுத்ததில் முதுகும் காலும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தாடையும் முதுகு வளைவும் சரியாகத் தெரியாது.

"இல்லை" என்று குறித்த இடமே அடுத்து என்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சொல்லும். உச்சந்தலை பட்டால் இடுப்பு உயரவில்லை அல்லது தாடை மடங்கவில்லை. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே கைக்குட்டையைச் செருகி உருளச் சொல்லுங்கள், விழுந்தால் பிள்ளைக்கே புரியும். முதுகு தொப்பென்று அடித்தால் உடம்பைச் சீக்கிரமே நீட்டிவிட்டது. கடைசியில் கை ஊன்றினால் குதிகாலை இடுப்புக்கு அருகில் இழுக்கவில்லை. பத்துக்கு மூணு என்ற எண் இதில் எதைச் சொல்கிறது?

அந்த வகுப்பில் இதற்கு முன் என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு முதுகில் முன்னும் பின்னும் ஆடுவது, கையை நீட்டிப் படுத்து உருளை போல உருளுவது, மல்லாந்து கை ஊன்றி இடுப்பைத் தூக்கி அப்படியே இருப்பது, இவையெல்லாம்தான் முதலில். 2015இல் ஆஸ்திரேலியாவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் நிலைப்புத்திறனை, அதாவது உடம்பைத் தடுமாறாமல் வைத்துக்கொள்ளும் திறனை, அளக்க ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தவையும் இந்த மூன்றுதான். அப்புறம் தாழ்வான பெஞ்சிலிருந்து குதித்து, முழங்காலை மடக்கி, இரண்டு காலிலும் ஒன்றாக இறங்கி, மூன்று விநாடி அசையாமல் நிற்பது. விழாமல் இறங்கத் தெரிந்தால்தான் மற்றதெல்லாம்.

"நாற்பது பிள்ளை, நாற்பது நிமிஷம், இதெல்லாம் எப்படி சாத்தியம்?" ஆசிரியர்களின் இந்தக் கேள்வி நியாயமானது. பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் வகுப்பாசிரியரே உடற்கல்வியும் பார்க்கிறார் என்பதும் தெரியும். ஆனால் நாற்பது பேரையும் ஒரே நாளில் பார்க்கச் சொன்னது யார்? ஒரு பீரியடில் எட்டுப் பேர். மற்றவர்கள் ஒற்றைக்காலில் நிற்பது, பெஞ்சில் நடப்பது என்று மற்ற இடங்களில் இருக்கட்டும். ஐந்து பீரியடில் முடிந்துவிடும். அப்போது வரிசையில் நின்று வேடிக்கை பார்த்துச் சிரிக்கவும் யாரும் இருக்க மாட்டார்கள்.

"கேலோ இந்தியா டெஸ்ட் வைக்கிறாங்களே" என்று ஒருவர். அது பள்ளிப் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் உடல்தகுதிச் சோதனை. ஐந்து முதல் எட்டு வயதுக்கு அதில் உயரம், எடை பார்த்து பி.எம்.ஐ., ஒற்றைக்காலில் நிற்கும் ஃபிளமிங்கோ நிலை, இரண்டு தட்டுகளைக் கையால் மாறி மாறி வேகமாகத் தட்டும் சோதனை. குட்டிக்கரணமே அதில் இல்லை.

"நாங்க சின்ன வயசுல மேட், மெத்தைன்னு கேட்டோமா?" என்று இன்னொருவர். ஆற்று மணலிலும் வைக்கோல் போரிலும் உருண்டீர்கள். அது அமுங்கும், சிமென்ட் அமுங்காது. மடித்த ஜமுக்காளம் முதல் ஆள் உருண்டதும் விலகிப்போகும். ஐந்து சென்டிமீட்டர் கனத்தில் ஒரு மேட்டாவது இல்லாத இடத்தில் குட்டிக்கரணத்தை மதிப்பிடவே கூடாது. நின்று செய்யும் சமநிலைகளை மதிப்பிடுங்கள், அதுவும் ஜிம்னாஸ்டிக்ஸ்தான்.

"கஷ்டப்பட்டாத்தான் தீபா கர்மாகர் ஆகலாம்" என்ற கருத்து மனதை ரொம்ப நோகடித்தது. 2016 ரியோ ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில், வால்ட் என்ற தாவல் போட்டியில் நான்காவது வந்தவர் அவர். ஆறு வயதிலிருந்து பயிற்சியாளரிடம் படிப்படியாகக் கற்றவர். கற்றுக்கொடுக்காமல் தள்ளிவிட்டு மார்க் போடுவதற்கு அவர் பெயரை இழுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தின் மேல்பகுதி எலும்புகளின் இணைப்பு தளர்வாக இருக்கும். மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் அவர்களை உருளவே விடக்கூடாது. வரிசையில் அழைத்தவர் எந்தப் பெற்றோரிடமாவது இதையெல்லாம் கேட்டாரா? ஒரு பிள்ளையிடமாவது "பயமா இருக்கா கண்ணு" என்று கேட்டாரா?

எனக்கு ஆறவே இல்லை. எட்டு வயதுப் பிள்ளை தன் கழுத்தைக் காப்பாற்றுவதா, பாவாடையைக் காப்பாற்றுவதா என்று அந்த ஒரு விநாடியில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. நாலாவது, அஞ்சாவதில் பெண் பிள்ளைகள் பி.டி. பீரியடில் ஓரமாக உட்காருவதைப் பார்த்து "இவளுங்களுக்கு ஆர்வமே இல்லை" என்கிறோமே, அது இப்படித்தான் தொடங்குகிறது. பி.டி. பீரியட் இருக்கும் நாளில் பெண் பிள்ளைகள் டிராக் பேன்ட்டில் வரலாம், இல்லாவிட்டால் பினஃபோருக்கு உள்ளே முழங்கால் வரை ஷார்ட்ஸ் போட்டு வரலாம் என்று டைரியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அதை வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளியே இரண்டு வாங்கி வைக்கட்டும். அதைச் செய்துவிட்டுப் பிறகு மதிப்பீட்டுத் தாளை எடுங்கள்.